வெசனம் யாருக்கு?

2022 ஜூன் மாதம். காந்திபுரத்தில் எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து, மத்தியானம் மூன்று மணிக்கு மூடும் ஒரு டெண்டருக்குக் காகிதங்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பெரியம்மா போன் பண்ணினார்.

"அம்மிணி, நம்ம கோயமுத்தூரு ரயிலை வித்துப்போட்டாங்களாமா? பஸ்ஸுல எல்லாரும் அதைத்தான் பேசிக்கறாங்க."

"இல்லைங்க பெரீம்மா, விக்கல."

"விக்கலைன்னா வேற என்னதான் பண்ணியிருக்கறாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. அப்போது நான் டெண்டர் வேலைக்கு வந்து பதினெட்டு வருடம். ரயில் நிலையத் துப்புரவு, ஓடும் ரயிலில் பெட்டி சுத்தம் செய்வது, படுக்கை விரிப்பு, பார்சல் வேன், சைக்கிள் ஸ்டாண்டு என்று ரயில்வே வெளியாட்களுக்கு விடுகிற வேலைகளின் டெண்டர் புத்தகங்களை ஆயிரக்கணக்கான பக்கங்கள் படித்திருக்கிறேன். பெரியம்மா கேட்டது, கோவையிலிருந்து ஷீரடிக்குத் தனியார் நடத்தும் ஒரு வண்டியைப் பற்றி. அதன் திட்ட விவரமும் என் கம்ப்யூட்டரில் இருந்தது. ஆனாலும் எழுபது வயதுப் பெண்மணிக்கு ஒரு நிமிடத்தில் புரியும்படி சொல்ல என்னால் முடியவில்லை. "நேர்ல வந்து சொல்றேனுங்க" என்று போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு ஆரம்பித்த யோசனை இது.

எங்கள் வேலை வெளியிலிருந்து பார்த்தால் குமாஸ்தா வேலை. டெண்டர் விளம்பரம் ரயில்வேயின் இணையதளத்தில் வரும். ஈ.எம்.டி. என்கிற முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும், அனுபவச் சான்று, ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட வரவுசெலவு, எல்லாம் ஏற்ற வேண்டும். நடுவில் கொரிஜெண்டம் என்று ஒரு திருத்தம் வரும். அதைக் கவனிக்காமல் விட்டால் மொத்தமும் வீண். இது கையும் கண்ணும் செய்கிற வேலை. மனசு செய்கிற வேலை வேறு. ஒவ்வொரு ஷரத்தையும் படிக்கும்போது ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருப்போம்: இது தப்பாகப் போனால் காசு யார் கையிலிருந்து போகும்? ஆபீசில் ரிஸ்க் என்போம். எங்கள் ஊரில் அதற்கு வெசனம் என்று ஒரு சொல் இருக்கிறது. கவலை, பயம், பொறுப்பு மூன்றும் சேர்ந்த சொல். கடன் வாங்கினவனுக்கும் வெசனம், பயிர் வைத்தவனுக்கும் வெசனம். எந்த ஒப்பந்தமும் கடைசியில் வெசனத்தைப் பங்கு பிரித்துக்கொள்கிற காகிதம்தான்.

பங்கு தப்பாகப் பிரிந்தால் என்ன ஆகும் என்பதை நான் முதலில் பார்த்தது ஒரு துப்புரவு டெண்டரில். எந்த ஊர் நிலையம் என்பது வேண்டாம். குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., ஃபினாயில், மெஷின் வாடகை எல்லாம் கூட்டிப் பார்த்தோம். ஒரு தொகைக்குக் கீழே இறங்க வழியே இல்லை. ஆனால் எங்களைவிட ரொம்பக் கீழே ஒருவர் போட்டு எல்1 ஆகிவிட்டார். எல்1 என்றால் எல்லோரிலும் குறைவாகக் கேட்டவர், வேலை அவருக்குத்தான்.

நான்கைந்து மாதம் கழித்து அதே நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தேன். ஒரு அக்கா நடைமேடையைக் கூட்டிக்கொண்டிருந்தார். கையில் இருந்தது வீட்டுச் சீமாறு. ஒப்பந்தப்படி அங்கே மெஷின் ஓடியிருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை எழுத்து எழுத்தாகப் படித்தவள் நான். பேச்சுக் கொடுத்தேன். இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லையாம். "ரயில்வேக்காரங்களைக் கேட்டா காண்ட்ராக்டரைக் கேளுங்கறாங்க. காண்ட்ராக்டரைக் கேட்டா பில் பாஸ் ஆகலைங்கறாரு. எங்க கூலி எவ்வளவுன்னு எந்தக் காகிதத்துலதானுங்க இருக்குது?" என்று கேட்டார். அவருக்குச் சேர வேண்டிய கூலி எத்தனை ரூபாய் எத்தனை பைசா என்று எனக்குத் தெரியும். அது டெண்டர் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அவர் நிற்கும் இடத்திலிருந்து அதற்குப் பாதையே இல்லை.

குறைவாகக் கேட்டவருக்கு வேலையைக் கொடுத்து, நஷ்டத்தின் வெசனத்தை அவர் தலையில் கட்டினதாகக் காகிதம் சொல்கிறது. அவர் அதை அப்படியே அந்தச் சீமாறு பிடித்த கைக்குத் தள்ளிவிட்டுவிட்டார்.

பயணி ரயிலையே வெளியாருக்கு விடுகிற ஒப்பந்தங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினபோதும் இந்த நடைமேடைதான் கண் முன்னால் நின்றது. பெரியம்மாவுக்குச் சொல்ல வேண்டுமே என்று தேடினபோது, சொல்லும் வழி அவருடைய தோப்பிலேயே கிடைத்தது.

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் காயை மூன்று விதமாக எடுப்பார்கள். ஆளைக் கூப்பிட்டு மரத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து வெட்டுவது ஒன்று. காய் குறைந்தாலும் விலை விழுந்தாலும் தோட்டக்காரருக்குத்தான் வெசனம். மரமேறுகிறவர் கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். வருடத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் குத்தகைக்கு விடுவது இன்னொன்று. பணம் முன்கூட்டியே வந்துவிடும், காய் எல்லாம் குத்தகைக்காரருக்கு, வெசனமும் அவருக்கு. மூன்றாவது முறைக்கு வாரம் என்று பெயர். வந்ததில் உனக்கு இத்தனை பங்கு, எனக்கு இத்தனை பங்கு.

உலகத்தில் எந்த அரசாங்கம் பயணி ரயிலை எந்தப் பெயரில் வெளியாருக்கு விட்டாலும், பிரித்துப் பார்த்தால் இந்த மூன்றில் ஒன்று, அல்லது இரண்டின் கலவை. லண்டனில் 2007 முதல் ஓவர்கிரவுண்ட் ரயில்கள் கூலி முறையை ஒட்டி ஓடுகின்றன. நடத்துகிற கம்பெனிக்கு நகரப் போக்குவரத்து அமைப்பு தொகை கொடுக்கிறது. டிக்கெட் காசில் பெரும்பங்கு அமைப்புக்கே. வண்டி நேரத்துக்கு வருகிறதா, சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துக் கூலியைக் கூட்டலாம், பிடித்தம் பண்ணலாம். அதே நாட்டின் தூரத்து ரயில்கள் குத்தகை முறையில் போயின. அங்கே நடந்ததைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிரிட்டனில் 1993இல் சட்டம் கொண்டுவந்து அரசு ரயிலைப் பிரித்தார்கள். தண்டவாளம் ஒரு கையில். வண்டி ஓட்டும் உரிமை பகுதி பகுதியாகத் தனியாருக்கு. 1996இல் தனியார் வண்டிகள் ஓட ஆரம்பித்தன. லாபமுள்ள பாதை என்றால் யார் அரசுக்கு அதிகம் தருகிறேன் என்கிறாரோ அவர் பக்கம் தராசு சாயும். எங்கள் டெண்டரில் கம்மியாகக் கேட்டவர் ஜெயிப்பார். இது அதற்கு நேர் எதிர், சந்தைச் சுங்க ஏலம் மாதிரி. ஏலத்தில் வீம்புக்குக் கேட்டு எடுத்துவிட்டு, அப்புறம் கட்ட முடியாமல் தவிக்கிறவர்களை எங்கள் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். லண்டனிலிருந்து எடின்பரோ போகும் கிழக்குக் கரைப் பாதையில் அதுதான் நடந்தது, மூன்று முறை. 2005இல் ஜி.என்.ஈ.ஆர். கம்பெனி பத்து வருடத்துக்கு 130 கோடி பவுண்டு தருவதாக எடுத்தது. அடுத்த வருடமே முடியவில்லை. 2007இல் நேஷனல் எக்ஸ்பிரஸ் 140 கோடி பவுண்டுக்கு எடுத்து, 2009இல் விட்டுவிட்டுப் போனது. அரசே சில வருடம் ஓட்டியது. 2015இல் ஸ்டேஜ்கோச்சும் விர்ஜினும் சேர்ந்து 330 கோடி பவுண்டு என்று எடுத்தார்கள். 2018 ஜூனில் அதுவும் முடிந்து, பாதை மறுபடியும் அரசு கைக்கே வந்தது.

அவர்கள் எதிர்பார்த்த அளவுக்குக் கூட்டம் ஏறவில்லை. குத்தகைக்காரர் விட்டுவிட்டுப் போகலாம். பயணிக்கு வேறு ரயில் இல்லை, எனவே அரசு அன்றைக்குச் சாயங்காலமே வண்டியை ஓட்டியாக வேண்டும். குத்தகை என்று பெயர் இருந்தாலும் கடைசி வெசனம் குத்தகைக்காரருக்குப் போகவே இல்லை. தோப்பு காய்ந்தால் அது தோட்டக்காரர் தோப்புதானே.

பிரிட்டனின் மேற்குக் கரைப் பாதைக் கதை எங்களைப் போன்ற டெண்டர்க்காரர்களுக்கு இன்னும் நெருக்கமானது. 2012 ஆகஸ்ட் 15ஆம் தேதி, ஃபர்ஸ்ட் குரூப் கம்பெனிக்கு 13 வருடத்துக்கு அந்தப் பாதை என்று அரசு அறிவித்தது. அவர்கள் கேட்டது 550 கோடி பவுண்டு. அதுவரை ஓட்டிக்கொண்டிருந்த விர்ஜின் கேட்டது 480 கோடி. விர்ஜின் கோர்ட்டுக்குப் போனது. அரசு தன் கணக்கைத் திரும்பப் பார்த்தால், பயணிகள் எண்ணிக்கையையும் விலைவாசியையும் வைத்துப் போடுகிற கணக்கிலேயே தப்பு. நடுவில் கைவிட்டுப் போகாமல் இருக்கக் கம்பெனியிடம் எவ்வளவு ஈடு வாங்க வேண்டும் என்ற கணக்கு அதைப் பொறுத்தது. அக்டோபர் 3ஆம் தேதி அமைச்சர் பாட்ரிக் மெக்லாக்லின் முழு டெண்டரையும் ரத்து செய்தார். டெண்டர் போட்ட நான்கு கம்பெனிகளுக்கும் அவர்கள் செய்த செலவைத் திருப்பிக் கொடுக்க மட்டும் நான்கு கோடி பவுண்டு அளவுக்கு ஆனது, மக்கள் வரிப்பணம். ஒரு எக்செல் கட்டத்தில் விழும் தப்பு எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்தவள் என்பதால், இதைப் படித்துவிட்டு அன்றைக்கு எங்கள் ஆபீசில் பழைய கணக்கையெல்லாம் திரும்ப எடுத்துச் சரிபார்த்தேன்.

கொரோனாவில் கூட்டமே இல்லாமல் போனதும் குத்தகை முறையே அங்கே படுத்துவிட்டது. 2020 மார்ச்சில் டிக்கெட் வருமானத்தின் வெசனத்தை அரசு தன்மேல் எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் பழைய முறை முடிந்தது என்று அறிவித்தது. 2024 நவம்பரில் வந்த சட்டப்படி, ஒவ்வொரு கம்பெனியின் ஒப்பந்தமும் முடிய முடிய அந்தந்த ரயிலை அரசே எடுத்துக்கொள்கிறது. 2025 மே 25இல் சவுத் வெஸ்டர்ன் ரயில்வே முதலாவதாக வந்தது. கெடு முடியும்வரை காத்திருந்து வாங்கினால் நட்டஈடு கேட்க யாருக்கும் வழி இல்லை. இது எனக்குப் பிடித்திருந்தது. நம்மூரில் தோப்பைத் திரும்ப எடுக்கிறவர்களும் இப்படித்தான் காத்திருப்பார்கள்.

இங்கே வெசனத்தை முழுசாக மக்கள் தலையில் கட்டின ஒப்பந்தம் ஒன்று நம் தண்டவாளத்திலேயே கிடக்கிறது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பாதை சேலம், ஈரோடு, போத்தனூர் வழியாக மேற்குக் கரையில் பேப்பூர் போய்ச் சேர்ந்தது 1862இல். அந்தக் கம்பெனியில் இங்கிலாந்தில் பணம் போட்டவர்களுக்கு, ரயில் சம்பாதித்தாலும் சம்பாதிக்காவிட்டாலும் நூற்றுக்கு 5 வட்டி நிச்சயம் என்று அரசு எழுதிக் கொடுத்தது. குறைந்தால் ஈடு செய்தது இந்திய வருவாய், அதாவது நம் பாட்டன் பூட்டன் கட்டின வரி. செலவைக் குறைக்கக் கம்பெனிக்கு அவசியமே இல்லை. போத்தனூர் ஸ்டேஷனில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்த 5 வட்டி ஞாபகம் வரும்.

சரி, நம் காலத்துக்கு வருகிறேன். 2020 ஜூலை 1ஆம் தேதி ரயில்வே ஒரு பெரிய டெண்டர் அறிவித்தது. 109 வழித்தடங்கள், 12 தொகுதிகள், 151 நவீன ரயில்கள், 35 வருடம், தனியார் முதலீடு 30,000 கோடி ரூபாய். சென்னைத் தொகுதியில் கோவையும் இருந்தது. டிரைவரும் கார்டும் ரயில்வே; வண்டி வாங்குவது, பராமரிப்பது, கட்டணம் வைப்பது தனியார். தண்டவாளத்தில் ஓட இழுவைக் கட்டணம் தனி. அதற்கு மேல், மொத்த வருமானத்தில் யார் அதிகப் பங்கு தருகிறாரோ அவருக்கு. பெரியம்மா கணக்கில் இது குத்தகையும் வாரமும் கலந்தது. முதல் சுற்றில் 15 கம்பெனிகளிடமிருந்து 120 விண்ணப்பம் வந்தது. எங்கள் ஆபீசில்கூட, இதில் சுத்தம் செய்யும் துணை ஒப்பந்தமாவது கிடைக்குமா என்று பேசிக்கொண்டோம். 2021 ஜூலையில் விலைப்புள்ளி திறந்தபோது 12 தொகுதியில் மூன்றுக்குத்தான் ஆள். கேட்ட இரண்டு பேரில் ஒருவர் ரயில்வேயின் சொந்த நிறுவனமான ஐ.ஆர்.சி.டி.சி. சென்னைத் தொகுதிக்கு ஒருவரும் வரவில்லை. டெண்டர் கைவிடப்பட்டது.

ஏன் வரவில்லை என்பது எங்களுக்கு ஆச்சரியமாக இல்லை. தண்டவாளமும் ரயில்வே, சிக்னலும் ரயில்வே, பக்கத்தில் போட்டிக்கு ஓடும் வண்டியும் ரயில்வே. தகராறு வந்தால் நடுவில் நின்று தீர்க்கத் தனி ஆணையம் இல்லை. கூட்டம் வராத வெசனமோ 35 வருடத்துக்கும் கம்பெனிக்கு. பக்கத்துத் தோட்டக்காரரே வாய்க்கால் மடையையும் வைத்திருந்தால் அந்தத் தோட்டத்தை யார் குத்தகைக்குக் கேட்பார்கள்?

ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது, இந்தச் செய்தி தமிழில் வந்த விதம். அந்த ஒப்பந்தத்துக்கு ஆங்கிலத்தில் கன்செஷன் என்று தொடங்கும் பெயர். அதே சொல்தான் மூத்த குடிமக்கள் கட்டணத் தள்ளுபடிக்கும். தமிழ்ப்படுத்தும்போது இரண்டும் 'சலுகை' ஆகிவிட்டது. மூத்த குடிமக்களுக்கான சலுகையை நிறுத்தினது 2020 மார்ச் 20ஆம் தேதி. மூன்றே மாதம் கழித்து, தனியாருக்கு 35 வருடச் சலுகை என்று ஒருவர் படித்தால் என்ன நினைப்பார்? கிழவனுக்குக் கொடுத்ததைப் பிடுங்கிக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள் என்றுதான் நினைப்பார். அந்த இடத்துக்குக் குத்தகை என்று நேரான சொல் நம்மிடம் இருக்கிறது. காலம் உண்டு, கெடு உண்டு, திரும்ப வரும் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே உண்டு.

ரயிலை விற்றுவிட்டார்கள் என்று ஜனங்கள் ஏன் உடனே நம்பினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகள் எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல் என்று பெயர் மாறித் திரும்பி வந்தன. 10 ரூபாய்க் குறைந்தபட்ச டிக்கெட் 30 ரூபாய் ஆனது; பழைய கட்டணம் திரும்பி வந்தது 2024 பிப்ரவரியில்தான். அதே பெட்டி, அதே ஸ்டேஷன், மூன்று மடங்குக் காசு. திருப்பூருக்குத் தினமும் வேலைக்குப் போகிறவர்களிடம் போய் 'விற்கவில்லை' என்று ஒரு மறுப்பு அறிக்கை வாசித்தால் எப்படி நம்புவார்கள்? 2020 டிசம்பரில் மேட்டுப்பாளையத்திலும் இதுதான் நடந்தது. வழக்கமான மலை ரயில் நின்றிருந்த நேரத்தில், ஒரு தனியார் நிறுவனம் அதை வாடகைக்கு எடுத்து ஆளுக்கு 3,000 ரூபாய் வாங்கி ஓட்டியது. ஊட்டி ரயிலை விற்றுவிட்டார்கள் என்று போன் போனாகச் செய்தி பறந்தது. வாடகை வண்டிதான், தனியார்மயம் இல்லை என்று ரயில்வே அப்புறம் விளக்கம் கொடுத்தது. விளக்கம் உண்மைதான். ஆனால் வண்டி புறப்படுவதற்கு முன்னால், ஸ்டேஷன் சுவரில் ஒரு தாளில் அது ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

இனி, பெரியம்மா கேட்ட வண்டி. 2022 ஜூன் 14, சாயங்காலம். கோவை வடக்கு நிலையத்திலிருந்து சாய்நகர் ஷீரடிக்கு, பாரத் கௌரவ் திட்டத்தில் நாட்டிலேயே முதல் வண்டி. ரயில்வேயின் பெட்டிகளை வாடகைக்கு எடுத்து வெளியார் சுற்றுலா வண்டி ஓட்டுகிற திட்டம் அது. நானும் போய் நின்று பார்த்தேன். புதிதாக வண்ணம் அடித்த 20 பெட்டிகள். வழியனுப்ப வந்தவர்களில் பாதிப் பேர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த முறையை எதிர்த்து ரயில்வே தொழிற்சங்கங்கள் குரல் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. என் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், கையில் மஞ்சள் பை, "இனிமே நம்ம பாசஞ்சரை ஓரங்கட்டிப்போட்டு இதைத்தான் விடுவாங்களாட்ட இருக்குது" என்றார். அவர் என்னிடம் சொல்லவில்லை, தண்டவாளத்தைப் பார்த்துச் சொன்னார்.

அந்த வண்டியின் கணக்கை ரயில்வே வெளியிட்டிருந்தது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். காப்புத்தொகை ஒரு கோடி ரூபாய். பெட்டிகளைப் பயன்படுத்தும் உரிமைக்கு வருடக் கட்டணம் 27.79 லட்சம். நிலையான இழுவைக் கட்டணம் காலாண்டுக்கு 76.77 லட்சம். அந்த ஒரு பயணத்துக்கான இழுவை 38.22 லட்சம். டிக்கெட் விலை நடத்துகிறவர் முடிவு. அளவுக்கு மீறிப் போகாமல் ரயில்வே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். டிரைவர், கார்டு, தண்டவாளம், சிக்னல் எல்லாம் ரயில்வே. சுத்தமும் சாப்பாடும் அவர்கள். பெட்டி காலியாகப் போனால் வெசனம் அவர்களுக்கு.

எல்லாம் சரி. ஆனால் மஞ்சள் பைக்காரர் கேட்டதற்கு அந்தக் கணக்கில் பதில் இல்லை. ஒரே தண்டவாளத்தில் இரண்டும் வந்தால் எது நிற்கும், எது போகும்? ரயில்வேக்கு எத்தனை லட்சம் வருமானம் என்பது ரயில்வேயின் கவலை. அவருடைய கவலை ஈரோட்டுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவார் என்பது. அரசின் அறிக்கைகளை நிறையப் படித்தவளாகச் சொல்கிறேன், அவை பெரும்பாலும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கின்றன. 2016 முதல் நம் ரயில் டிக்கெட்டிலேயே ஒரு வரி அச்சடித்து வந்தது: பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் ரயில்வேக்குத் திரும்ப வருகிறது என்று. அதை வாங்கிப் படிக்கிறவருக்கு அது கொள்கை விளக்கமாகத் தெரியாது, கடனைச் சொல்லிக் காட்டுவதாகத்தான் தெரியும். மீதி 43 எதிலிருந்து வருகிறது, எந்த வண்டியில் எவ்வளவு என்று அதே டிக்கெட்டில் இடமில்லைதான். ஆனால் சொல்ல வேறு இடங்கள் இருக்கின்றன.

இருக்கிறது என்பதற்கு என்னிடமே சாட்சி உண்டு. ஸ்டேஷன் வண்டி ஸ்டாண்டுக்குப் போய்ப் பாருங்கள். ஒழுங்காக நடக்கிற ஸ்டாண்டில் ஒரு தகரப் பலகை இருக்கும். குத்தகைதாரர் பெயர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, சைக்கிளுக்கு எவ்வளவு, பைக்குக்கு எவ்வளவு, அதிகம் வாங்கினால் யாருக்குப் போன் போடுவது, எல்லாம் தமிழில். நான்கு வரி. அந்தப் பலகையைக் காட்டி அஞ்சு ரூபாய்க்குச் சண்டை போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஒப்பந்தத்தைப் படித்தவர்கள். அவர்களுக்கே அது தெரியாது. சைக்கிள் ஸ்டாண்டுக்குச் செய்ததை ரயிலுக்கும், சீமாறு பிடித்த அந்த அக்காவின் கூலிக்கும் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்த வருடம் ஆடிப் பதினெட்டுக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். பொழுதோட தோப்புக்குள் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, கூலி, குத்தகை, வாரம் என்று சொன்னேன். அவர் ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை. பிரிட்டனில் மூன்று பேர் விட்டுவிட்டு ஓடினதைச் சொன்னபோது மட்டும், "வெள்ளை ஈ வந்த வருசம் நம்ம குத்தகைக்காரரும் வந்து நின்னாரல்ல" என்றார். பாதிப் பணத்தைக் குறைத்துக்கொடுத்து ஆளைத் தக்கவைத்தாராம். "அந்தாளு போயிட்டா மரத்தை யாரு பாக்கறது?"

அப்புறம் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். தோப்புக் குத்தகைப் பத்திரம். மூன்று வருடக் குத்தகை. ஷரத்து ஆறோ ஏழோ இருந்தது; அதில் கடைசி ஷரத்து மட்டும் பெரியம்மாவின் சொந்தக் கையெழுத்தில் பேனாவால் சேர்க்கப்பட்டு, இரண்டு பேரும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மூணாவது வருசமும் ரெண்டு தடவை எரு வெக்கோணும், வெக்காட்டி முன்பணத்துல பிடிச்சுக்குவேன்.

"எதுக்குங்க பெரீம்மா இது?"

"விட்டுட்டுப் போற வருசத்துல எவனும் எரு வெக்கமாட்டான் அம்மிணி. அடுத்து வர்றவனுக்குத்தான அந்தக் காய். உங்க ரயில் பத்திரத்துல இதை எழுதியிருக்கறாங்களா?"

ஒப்பந்தம் முடியப்போகும் கடைசி வருடங்களில் கம்பெனிகள் புதிதாகப் பணம் போடாமல் நிறுத்திக்கொள்வதைப் பற்றி நான் நிறையப் படித்திருந்தேன். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, 2020இல் வந்த அந்த 35 வருட வரைவு ஒப்பந்தத்தைத் திறந்தேன். கடைசி வருடப் பராமரிப்பு எந்தப் பக்கத்தில் என்று தேடப்போனேன். பெரியம்மா கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அங்கெல்லாம் தாண்டாதே. மொதல்ல இருந்து படி. ஒண்ணொண்ணாத் தமிழ்ல சொல்லு."

முதல் பக்கத்துக்குப் போனேன். தலைப்பிலேயே அந்தச் சொல் நின்றது. ஒரு நொடி யோசித்துவிட்டு, "குத்தகைப் பத்திரம்" என்று வாசித்தேன்.